அலுமாரிக்குப் பின்னால் கிடந்த வயர்

கம்பியூட்டர் மெதுவாகப் போகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். ஓஃப் பண்ணிவிட்டுத் திரும்ப ஓன் பண்ணிப் பாருங்கள் என்பார்கள். போன பங்குனியிலும் சித்திரையிலும் எங்கள் வீட்டில் நான் ஓஃப் பண்ணி ஓன் பண்ணாத சாமான் மிச்சமில்லை. கடைசியில் என் தங்கையையும் ஓஃப் பண்ணினேன். அதைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பழைய லயம், தொழிலாளருக்கென்று கட்டிய வரிசை வீடு. கடைசி இரண்டு காம்பராவும் எங்களுடையவை. ஒன்றில் அப்பாவும் தங்கையின் மகளும், அடுத்ததில் நான். நடுச்சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் எழும்பி அங்கேயே நின்றுவிடும். கட்டியவர்களுக்குச் செங்கல் போதவில்லையா, இவர்களுக்கு இது போதும் என்று நினைத்தார்களா, தெரியாது. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இரகசியம் வைத்துக்கொள்ள ஏற்ற வீடு இல்லை. இருந்தும் இப்போது ஒன்றை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்கை குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் போகும்போது மகளுக்கு நாலு வயது. கட்டியவன் ரம்புக்கனைப் பக்கம் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுத எனக்கு மனமில்லை. தங்கையின் இரண்டு வருட ஒப்பந்தம் வைகாசியோடு முடிவதாக இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதா, திரும்பி வருவதா என்று சித்திரை முடிவதற்குள் அவள் வீட்டுக்கார மேடத்திடம் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்குப் பின்னேரம் ஐந்து மணி ஆகும்போது அங்கே இரண்டரை. மேடம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். அந்த அரை மணித்தியாலம்தான் ஃபோன் அவள் கைக்கு வரும். அப்பாவின் ஃபோனுக்கு வீடியோவில் வருவாள். மகள் ஸ்கூல் கொப்பியைக் காட்டுவாள், விழுந்த பல்லைக் காட்டுவாள், சாப்பிட்ட பிளேட்டைக்கூடக் காட்டுவாள். தங்கை அங்கே சமையலறை மூலையில் குந்திக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசுவாள். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைக்கு அம்மா என்றால் ஐந்து மணிக்கு வருகிற ஒரு முகம்தான்.

நான் பதினாலு வருடம் வரக்காப்பொல டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் இருந்தேன். டைப் அடிப்பது, ஃபோட்டோ எடுப்பது, பிறகு கலியாண வீடியோ வெட்டி ஒட்டுவது என்று எல்லாம் அங்கே பழகினதுதான். கடை மூடிவிட்டார்கள். சில மாதம் வீட்டில் சும்மா இருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்த பிறகு, கொழும்பில் ஒரு டியூஷன் கம்பனியில் வேலை கிடைத்தது. தமிழ் மொழிப் பிள்ளைகளுக்குப் பாடங்களை வீடியோ எடுத்துப் போடுகிற இடம். ஆசிரியர்கள் பேசியதை அப்படியே அனுப்புவார்கள். அதில் இருமல், தும்மல், மறந்துபோய் முழிக்கிற இடம் எல்லாவற்றையும் வெட்டி, எழுத்துப் போட்டு, அன்றன்றைக்கு மாலை ஆறு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஆறு வாரம் பார்ப்பார்கள், சரிவந்தால் நிரந்தரம்.

அன்றைக்கே தங்கையிடம் சொன்னேன்.

"ஆறு வாரம் பொறு. இது நெரந்தரமானா நீ அங்க கையெழுத்துப் போடாத. வந்துரு. வீட்ட நான் பாத்துக்கிறேன்."

"நெசமாவாக்கா?"

"நான் என்னைக்காச்சும் வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கேனா?"

அவள் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். மகளைக் கூப்பிட்டு, "அம்மா வரப்போறேன்டி, பெரியம்மாவ தொந்தரவு பண்ணாம இரு" என்றாள். பிள்ளை அடுத்த நாளே ஸ்கூலில் போய்ச் சொல்லிவிட்டது.

வேலைக்குக் கம்பனியே ஒரு லெப்டொப் தந்தது. அதில் பென் டிரைவ் போட முடியாது, பூட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதன் வயிறும் சின்னது, இரண்டு பாடம் போட்டாலே நிரம்பிவிடும். அதனால் பாடங்கள் எல்லாம் முதலில் என்னுடைய பழைய பெரிய கம்பியூட்டரில் இறங்கும். அது அப்பாவின் காம்பராவில், ஜன்னலோரம் ரவுட்டருக்குப் பக்கத்தில். ரவுட்டரை வேறு எங்கேயும் வைக்க முடியாது. எதிர் மலையிலிருந்து சிக்னல் வருவது அந்த ஒரு ஜன்னலுக்குத்தான். ஆனால் அங்கே இருந்து வேலை செய்ய முடியாது. டிவி ஓடும், பிள்ளை சத்தம்போட்டுப் படிக்கும், வாசலில் போகிற ஒவ்வொருவரும் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் என் காம்பராவில் லெப்டொப்போடு இருந்தேன். காலையில் அந்தக் கம்பியூட்டரிலிருந்து அன்றைய பாடத்தை இதற்குக் கொண்டுவர வேண்டும். வைஃபையில் கொண்டுவரலாம் என்று பார்த்தால், நடுவில் இரும்பு அலுமாரி, அதற்கு மேல் தகரக் கூரை. சரிப்படவில்லை.

டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் போனேன், நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் நீளமாக ஒரு வயரை வெட்டி, இரண்டு பக்கமும் தலை அடித்துக் கொடுத்தார். "அளவு தெரியாட்டி கொஞ்சம் கூடவே ஈக்கட்டும் தங்கச்சி, பத்தாட்டித்தான் கஷ்டம்" என்றார். நடுச்சுவருக்கு மேலால் வயரைப் போட்டு இழுத்தோம். மூன்று யார், ஒன்பது அடி, மிச்சம் வந்தது. அதைச் சுருட்டி அப்பாவின் பக்கம் அலுமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். லெப்டொப்பில் வயர் போகிற இடத்தில் ஒரு சின்ன லைட் எரிந்தது, பச்சையாக. ஒரு பாடம் முழுக்கப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

பத்து நாள் போனது. பிறகு இடி தொடங்கியது.

இந்தப் பக்கத்துப் பங்குனி, சித்திரை இடியை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மத்தியானம்வரை வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குமேல் மலை கறுக்கும். ஐந்து மணிக்குள் தலைக்கு மேல் வந்து வெடிக்கும். அப்பா பால் வெட்டிய காலத்தில் அவரோடு வெட்டிய ஒருவர், வாளியைக் கையில் பிடித்தபடியே மின்னலில் செத்தார். அப்பா பத்தடி தள்ளி நின்றாராம். அதனால் முதல் முழக்கம் கேட்டதுமே அவர் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுவார். டிவி வயரை மட்டும் கழற்றத் தேவையில்லை, அதில் முடிச்சு இருக்கிறது. முடிச்சுப் போட்டால் மின்னல் அதில் சிக்கி நின்றுவிடும், உள்ளே இறங்காது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பத்து வீட்டு டிவி வயரிலும் முடிச்சு உண்டு. எங்கள் வீட்டு வயரில் இருக்கிற மூன்றையும் போட்டது நான்தான், பதினாறு வயதில்.

முதல் இடி வந்த அன்றைக்கு அப்பா கம்பியூட்டர் வயரையும் பிடுங்கிவிட்டார். அன்று நான் ஒரு பாடத்தைத் திருப்பி அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கத்தினேன்.

"யாரு வயர புடுங்குனது?"

"இடி இடிக்குதும்மா."

"இடிச்சா இடிக்கட்டும். இந்த வயர மட்டும் தொட்டுறாதீங்க. இந்த வேல போச்சுன்னா ஒங்க மக வரமாட்டா, ஞாபகம் வச்சிக்குங்க."

அவர் திரும்பச் சொருகினார். அப்பாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நான் பேசுகிற விதமே அதுதான், வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அடுத்த வாரம் பத்து நிமிடம் அரை மணித்தியாலமானது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெரிய பாடமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம் காலை ஏழு மணிக்குப் போட்ட பாடம் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வந்து முடிந்தது. வெட்டி ஒட்ட ஐந்து மணித்தியாலம்தான் மிச்சம். அரக்கப் பரக்கச் செய்து அனுப்பினேன். ஆறே முக்கால் ஆகிவிட்டது. கொழும்பில் என்னைப் பார்த்துக்கொள்கிற பெண் மரியாதையாக ஒரு செய்தி போட்டாள், நாளைக்கு நேரத்துக்கு அனுப்பப் பாருங்கள் என்று.

அன்றிலிருந்து எனக்குப் பேய் பிடித்தது. ரவுட்டர் கம்பனிக்கு அழைத்தேன். ஒரு பையன் சிங்களத்தில், "மிஸ், ரவுட்டர் ஏக ஓஃப் கரலா, தப்பர தஹயக் இந்தலா, ஓன் கரன்ன" என்றான். ஓஃப் பண்ணி, பத்து செக்கன் எண்ணி, ஓன் பண்ணினேன். நான் சிங்களத்திலேயே, எனக்கு இன்டர்நெட் மெதுவில்லை, வீட்டுக்குள் ஒரு கம்பியூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் மெது என்று விளக்கினேன். அது அவர்களுடைய பிரச்சினை இல்லையாம். வைரஸ் பார்க்கிற புரோகிராமை நிறுத்தினேன். பழைய கம்பியூட்டரின் வயிற்றைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். அதிலிருந்து ஒரு பல்லி முட்டை விழுந்தது, வேகம் கூடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வைஃபையைத் திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்கள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நானாவிடமும் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வயர ஒருக்கா பாத்தீங்களா தங்கச்சி?" என்றார்.

"புது வயர் நானா. நீங்கதானே அடிச்சுத் தந்தீங்க."

"அதுக்குச் சொல்லல்ல. எங்கயாச்சும் மடிஞ்சி நசுங்கி ஈக்கும். லைட் என்ன கலர்ல எரியுது?"

"எரியுது."

"பச்சையா, மஞ்சளா?"

எரிகிறதே, அது போதாதா என்று நினைத்தேன். அவர் தன் வயரில் பிழை இல்லை என்று காட்டத்தான் கேட்கிறார் என்றுகூடத் தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது மஞ்சளாகத்தான் எரிந்தது. வயரைப் பார்த்தேன், என் பக்கத்தில் மட்டும். சுவருக்கு மேலே போகிறவரை நேராக இருந்தது. அலுமாரியை நகர்த்தவில்லை. அதற்குப் பின்னால் வயரைச் சுருட்டி வைத்தவள் நான், அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்தான்.

அன்று ஐந்து மணிக்கு ஒன்றைக் கவனித்தேன். கவனித்தது உண்மைதான், அதிலிருந்து நான் எடுத்த முடிவுதான் நாசமாகப் போனது. இடி இடித்துக்கொண்டிருந்தது. என் காதில் ஹெட்போன். அடுத்த நாள் பாடத்தை முதல் நாளே கொண்டுவந்து வைக்கலாம் என்று ஓடவிட்டிருந்தேன். தங்கையின் அழைப்பு வந்தது, பிள்ளை ஃபோனைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடியது. சில நிமிடம்தான். என் கண் முன்னாலேயே லெப்டொப்பில் வேகம் விழுந்தது. மீதி நேரம் ஐந்து மணித்தியாலம் என்று காட்டியது ஒன்பதாக மாறி, பிறகு அப்படியே நின்றுவிட்டது. எழும்பிப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பிள்ளை ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா அலுமாரியோரம் நின்றுகொண்டிருந்தார். அதற்கு முந்தின இடி நாளிலும் இதே நேரத்தில்தான் வேகம் விழுந்தது என்பது நினைவுக்கு வந்தது. எல்லாம் பொருந்தியது. குவைத்திலிருந்து வருகிற வீடியோதான் என் லைனை அடைக்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஃபோனைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கினேன்.

"இங்க பாரு, இந்த ஆறு வாரம் முடியிற வரைக்கும் நீ வீடியோவுல வராத. நீ வர்ற நேரமெல்லாம் என் வேல நின்னு போகுது."

"அப்பிடியாக்கா? எனக்குத் தெரியாதே."

"எனக்கும் இப்பதான் தெரிஞ்சிச்சு. ஒனக்காகத்தானே நான் இந்தப் பாடுபடுறேன்."

"சரிக்கா. இன்னும் மூணு வாரந்தானே. பிள்ளைக்கிட்ட சொல்லிருங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் இப்போதும் காதில் நிற்கிறது. நான் அதோடு விடவில்லை. ஆசை தாங்காமல் எடுத்துவிடுவாள் என்று வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன், அப்பாவின் ஃபோனுக்கு இனி இன்டர்நெட் போகாதபடி. குரல் பதிவு செய்து அனுப்பு, என் ஃபோனுக்கு வரும், போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அவள் அனுப்பினாள். நான் சில நாள் போட்டுக் காட்டினேன், சில நாள் வேலையில் மறந்தேன்.

பிள்ளை நாலைந்து நாள் ஐந்து மணிக்கு அந்த ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். பிறகு அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகப் பழகிவிட்டாள்.

அழைப்பை நிறுத்தியதால் வேகம் கூடியதா என்றால் கூடவில்லை. ஆனால் கூடியது போல எனக்கே ஒரு பிரமை இருந்தது. ஒரு நாள் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தால், பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிய பிறகு, பிடுங்கியது வீண் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. வருசப் பிறப்பு வந்து போனது. அன்றைக்கும் அவளை வீடியோவில் வர விடவில்லை, அன்றைக்கும் ஒரு பாடம் இருந்தது.

ஐந்தாவது வாரம் மூன்று நாள் தொடர்ந்து பிந்தினேன். கொழும்புப் பெண்ணின் செய்திகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. அதற்கடுத்த கிழமை இடி ஓயவே இல்லை. ஒரு பாடம் பகல் முழுக்க ஓடி, பாதியில் அறுந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. அதை அடுத்த நாள்தான் அனுப்பினேன். பரீட்சைக்கு முந்தின பாடமாம், பிள்ளைகள் காத்திருந்தார்களாம். ஆறு வாரம் முடிந்த அன்று அவளே அழைத்தாள்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்ல மிஸ். நீங்க செஞ்சதுதான் எல்லாத்திலயும் சுத்தமா இருந்திச்சு. ஆனா டைமுக்கு வர்றதில்லையே. மேல உள்ளவங்க ஒத்துக்கமாட்டேங்கிறாங்க."

"எங்க வீட்ட ஃபைல் போறது லேட்டாகுது மிஸ். வேல லேட்டில்ல."

"வெளங்குது மிஸ். ஆனா அத நாங்க ஒண்ணும் செய்ய ஏலாதே."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் சொன்னது நியாயம். தோட்டத்து லயத்திலிருந்து இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது என்று மேலே உள்ளவர்கள் நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க நானே இடம் கொடுத்துவிட்டேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் குரல் பதிவுதான் அனுப்பினேன், முகம் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. வேலை கிடைக்கவில்லை, நீ உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்றேன். சரி என்று பட்டதைச் செய் என்பது எவ்வளவு கோழைத்தனமான பேச்சு. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதை நான் சொல்லாமல் அவள் வாயால் சொல்ல வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. ரெண்டு வருசந்தானே, ஓடிரும். நீங்க மனச விட்டுறாதீங்க. பிள்ளைக்கு நான் சொல்லிக்கிறேன்."

பிள்ளைக்கு அவள் எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டைத் திரும்ப மாற்றி, ஐந்து மணிக்கு அப்பாவின் ஃபோனைக் கொடுத்துவிட்டு நான் குழாயடிக்குப் போய்விட்டேன். குடம் நிரம்பி வழிந்த பிறகும் அங்கேயே நின்றேன்.

லெப்டொப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் அதில் இருந்த முடிந்த பாடங்களை என் கம்பியூட்டரில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வேகத்தில் இரண்டு நாள் ஆகும். நானாவின் கடைக்குப் போன இடத்தில் சொன்னேன். அவர் மேசைக்குக் கீழிருந்து ஒரு முழ நீளத்தில் பழைய வயர்த் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தார். "லெப்டொப்ப தூக்கிட்டு மத்தப் பெட்டிக்குப் பக்கத்தில போங்க. இத மாட்டிப் பாருங்க" என்றார். இது ஏன் எனக்கு ஆறு வாரத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை? லெப்டொப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து போக எனக்குத் தோன்றவே இல்லை.

மாட்டினேன். பச்சை லைட் எரிந்தது. இரண்டு நாள் என்று நான் நினைத்தது, பிள்ளை குளித்து உடுப்பு மாற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் அலுமாரியை நகர்த்தினேன். சுருட்டி வைத்த மூன்று யார் வயர் ஒரு யார்கூட இல்லை. மிச்சமெல்லாம் முடிச்சு. டிவி வயரில் போடுகிற அதே முடிச்சு, இறுக்கி இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ணினேன், ஏழு. ஒன்றைத் தொட்டபோது உள்ளே கம்பி ஒடிந்து ஆடியது விரலுக்குத் தெரிந்தது.

அப்பா வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வயரைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். கத்துவதற்குத்தான் போனேன்.

"இது என்னாப்பா?"

"முடிச்சும்மா. நான்தான் போட்டேன்." அவர் முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "நீதான் வயர கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டியே. எனக்குப் பயமா இருந்திச்சு. சின்னவக்கிட்ட சொன்னேன். அவதான் சொன்னா, அப்பா, அக்காவோட கம்பியூட்டருக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது, நான் வர்றதே அதுலதான் இருக்கு, டிவி வயருக்குப் போடுறாப்புல அதுக்கும் முடிச்சுப் போட்டுருங்கன்னு. ஒவ்வொரு நாளும் கேப்பா. இடி பலமா வர்ற நாள்ல இன்னொண்ணு போடச் சொல்லுவா. நீ அவள வரக் கூடாதுன்னுட்ட பொறகு நானாவே போட்டேன்."

வயர் என் கையில் தொங்கியது.

"ஏழு போட்டேன்," என்றார். "பாத்தியா, ஒண்ணும் ஆகல."

ஐந்து மணிக்கு ஏன் வேகம் விழுந்தது என்று அப்போது விளங்கியது. ஐந்து மணிக்கு இடி, ஐந்து மணிக்குத் தங்கை, அவள் ஞாபகப்படுத்த, அப்பா அலுமாரிக்குப் பின்னால் போய் ஒரு முடிச்சு. நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இருமினால் கேட்கிற வீட்டில் அது ஒன்று மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அவளை வர வேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருந்தால், என்றைக்காவது ஒரு நாள் என்னிடமே கேட்டிருப்பாள், வயருக்கு முடிச்சுப் போட்டாச்சா அக்கா என்று. நான் அன்றைக்கே அலுமாரியை நகர்த்தியிருப்பேன். வேலை மிஞ்சியிருக்கும். அவள் வைகாசியில் வந்திருப்பாள்.

யாரைப் பார்த்துக் கத்துவது? அப்பாவை அந்த வயரைக் கழற்ற விடாமல் செய்தவள் நான். முடிச்சுப் போட்டால் மின்னல் நிற்கும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கம்பியூட்டர் வயரைச் சுருட்டித் தொங்கவிட்ட அன்றைக்கு எனக்கு நேரம் இருந்திருந்தால், நானே ஒன்று போட்டிருப்பேனோ என்னவோ.

"வயர் பழசாயிருச்சுப்பா," என்றேன். "இனி தேவப்படாது."

நானா கேட்டபோது எலி கடித்திருந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மெல்லிசுக் கம்பி, எலிக்கு லேசு" என்று சொன்னார். துண்டு வயரை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

லெப்டொப் போய்விட்டது. பழைய கம்பியூட்டர் மட்டும் ஜன்னலோரம் இருக்கிறது. வேறு இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. முடிச்சு விழுந்த வயரை அப்பா எறிய விடவில்லை, அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். நல்ல வயராம், எதற்காவது உதவுமாம்.

இப்போது ஐப்பசி. இடி திரும்ப வந்துவிட்டது. நேற்று ஐந்து மணிக்கு அழைப்பு வந்தபோது பிள்ளை இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவிட்டாள். தங்கை முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னாள். ஃபோனை வாங்கினேன். மலைப்பக்கம் பெரிதாக ஒன்று முழங்கியது, அது குவைத்துக்கே கேட்டிருக்க வேண்டும்.

"அங்க இடி மாசம் தொடங்கிருச்சு போல," என்றாள். "அக்கா, கம்பியூட்டர பத்திரமா வச்சிக்குங்க. அடுத்த வேல எப்பிடியும் கெடைக்கும், நான் வேண்டியிருக்கேன். வயருக்கு முடிச்சுப் போட்டாச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார். அலுமாரி இருந்தது.

"போட்டாச்சு," என்றேன்.

"எத்தன?"

"ஏழு."

"அப்ப சரி," என்றாள். மேடம் எழும்புகிற நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.